எங்கள் வீட்டில் சொல்லாத சொல்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். நர்ஸ் வேலைக்குப் படித்தபோது எங்களுக்குச் சொல்லித்தந்த முறை அது. முதலில் கண்டதைச் சொல், கருத்து பிறகு.

1. சித்தப்பா வலது மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் வெள்ளைத் துணி, வேலை நாளன்று, வெயில் ஏறிய பிறகும் கொடியிலேயே கிடந்தது.

2. துறைமுகத்தில் அவர் நிற்கும் இடத்தில் வேறொருவர் நின்றார்.

3. கப்பலின் அடியறையிலிருந்து ஒரு கனமான பெட்டியைத் தூக்க வேண்டியிருந்தது. கயிற்றின் ஒரு பக்கத்தை மட்டும்தான் கொக்கியில் மாட்டியிருந்தார்கள்.

4. கீழே இருந்தவர் ஒரு கேள்வி கேட்டார். மேலே இருந்தவர் ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

5. பெட்டி எழும்பியது. சாய்ந்தது. விழுந்தது.

6. அதன் அடியில் ஓர் ஆளின் வலது கை இருந்தது.

7. பிற்பகலில் அந்த ஆளை ராயபுரத்தில் நான் வேலை பார்த்த வார்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

இவற்றில் நான் நேரில் கண்டவை முதலாவதும் ஏழாவதும்தான். மற்றவை பிறர் சொல்லக் கேட்டவை. நான்காவதாக எழுதியிருக்கும் அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தெரிந்த நாளில் எனக்குள் ஏதோ நின்றுபோனது. அது இன்னும் முழுதாக ஓடத் தொடங்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் கொடியில் கிடந்த துணியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாதாரண மல் துணி. ஒரு முழம் இருக்கும். அப்பா இறந்த பிறகு அம்மாவையும் என்னையும் தம் வீட்டில் வைத்துக்கொண்டவர் சித்தப்பா. ஆகவே அந்தத் துணியைப் பார்த்தபடிதான் நான் வளர்ந்தேன். வேலை முடிந்து வந்ததும் சவுக்காரம் போட்டு அதைத் தம் கையாலேயே தோய்ப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார். தோய்த்து உதறி, மூக்கருகில் பிடித்துப் பார்த்து, கொடியில் போடுவார். சித்திக்கு இது தீராத வேடிக்கை. “ஊர்ல ஆம்பளைங்க வேட்டிய தோய்க்கிறாங்க. உங்க சித்தப்பா கைய தோச்சி கொடில போடறாரு, பாத்துக்கோ” என்பாள்.

கப்பலின் மேல்தளத்தில் ஒரு பெரிய சதுர வாய் இருக்கும். அதன் வழியாகத்தான் அடியறையிலிருந்து சரக்கை மேலே எடுப்பார்கள். அடியறையில் மூட்டை கட்டுகிற ஆட்களுக்கு மேலே நடப்பது தெரியாது. மேலே நீராவியில் ஓடும் தூக்கு இயந்திரத்தை, விஞ்சு என்பார்கள், ஓட்டுகிறவருக்குக் கீழே இருப்பது எதுவும் தெரியாது. இந்த இரண்டு குருட்டுத்தனங்களுக்கும் நடுவில், அந்த வாயின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பவர் சித்தப்பா. கீழே பார்ப்பார், மேலே கை காட்டுவார். விஞ்சுக்காரருக்கு உலகத்தில் தெரிவது அந்தக் கை மட்டும்தான். நிலக்கரித் தூசியில் எல்லாக் கையும் ஒரே நிறம் ஆகிவிடும் என்பதால் மணிக்கட்டில் வெள்ளைத் துணி. நீராவி புகைந்து கையும் மறைந்துபோனால், குரல். அந்தக் குரலில் என்ன சொல்வார் என்பதை மட்டும் அவர் வீட்டில் சொன்னதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

அவர் அடக்கமான மனிதர் அல்ல. மீசைக்கு எண்ணெய் தடவுவார். மீன் விற்க வருகிறவளோடு விலை பேசும்போதுகூடத் துறைமுகமே தம் தோளில் நிற்பதுபோல் பேசுவார். “நான் கைய எறக்கினாதான் ரங்கூன் அரிசி எறங்கும். ரெண்டு நாளு இந்தக் கைய பாக்கெட்ல வுட்டுகினேன்னு வெச்சிக்கோ, பட்டணமே கஞ்சிக்குப் பறக்கும்” என்பார். “ஒனக்கு ஏது பாக்கெட்டு?” என்பாள் சித்தி. அவர் கையின் பெருமையையும் சித்தியின் கேலியையும் கேட்டுக் கேட்டு எங்கள் சந்தே சிரிக்கும்.

எங்கள் வீட்டில் இன்னொரு பழக்கம் இருந்தது. அதைப் பழக்கம் என்று நான் நினைத்ததுகூட இல்லை. அலுவலகத்தை எல்லாரும் ‘கச்சேரி’ என்றே சொல்வார்கள். தபால் கச்சேரி, கம்பெனிக் கச்சேரி, ஆஸ்பத்திரிக் கச்சேரி. படிப்பு முடிந்து எனக்கு வேலை கிடைத்த முதல் வாரம், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வார்டுக்குப் போவணும், நேரமாச்சு” என்றேன். உள்ளே ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சித்தப்பா பேச்சை நிறுத்திவிட்டார்.

“நர்ஸம்மா. அந்தப் பேச்சு இந்த வூட்ல வோணாம். கச்சேரின்னு சொல்லு.”

அவர் என்னிடம் கடுமையாகப் பேசியது மிகவும் குறைவு. இங்கிலீஷ் படித்த பெருமையைக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார் போலும் என்று விட்டுவிட்டேன். எங்கள் சந்தில் துறைமுகத்துக்குப் போகிற வீடுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். சின்னப் பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சொன்னால் தலையில் ஒரு குட்டு விழும். “இது ஆர்பர்காரங்க வழக்கம், நீ இன்னாத்துக்கு நோண்டற?” என்றாள் சித்தி. அவளுக்கும் காரணம் தெரியாது. கொஞ்சம் பழங்காலத்து வழக்கம், நாகரிகம் தெரிந்த தோழிகள் வந்தால் சற்றுக் கூச்சமாகவும் இருக்கும். என் கணக்கில் அவ்வளவுதான்.

வியாபாரம் மந்தமான வருடங்கள் வந்தன. கப்பல்கள் குறைந்தன. சரக்கு இறக்கும் கம்பெனிக்குப் புதிதாக வந்த துரை ஆட்களை இரண்டு வகையாகப் பிரித்தார் என்று கேள்விப்பட்டோம். வேலை தெரிந்தவர்கள் ஒரு வகை. சாதாரணக் கூலிகள் இன்னொரு வகை. விஞ்சு இயந்திரம் ஆகையால் அதை ஓட்டுகிறவர் வேலை தெரிந்தவர். கை என்பது எல்லாருக்கும் இருப்பது. ஆகையால் கை காட்டுகிறவர் சாதாரணக் கூலி. சாதாரணக் கூலிகளைக் குறைந்த கூலிக்குத் தருவதாக ஒரு மேஸ்திரி முன்வந்தார். பழைய ஆட்களை மொத்தமாக வெளியே அனுப்பினார்கள். விஞ்சுக்காரர் ஒருவர் மட்டும் உள்ளே இருந்தார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சித்தப்பாவின் தோஸ்து; அடுத்த சந்து. இருவரும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியபோது நான் பிறக்கவில்லை.

சித்தப்பா கம்பெனி வாசலில் போய் நின்று ஹெட் கிளார்க்கிடம் கேட்டாராம். “கை இருக்கிறவன் எவன் வேணா காட்டலாமேயா. இதுக்கு என்ன பெரிய படிப்பு?” என்றாராம் அவர். சித்தப்பா சும்மா வருகிறவரா? “வாய் கீறவன்லாம் பாட்டு பாடறானா சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு அழுக்காகாத துணியை எடுத்துத் தோய்த்துப் போட்டார். அடுத்த நாளும் தோய்த்தார். அதற்கடுத்த நாளும். சித்தி அப்போது வேடிக்கை எதுவும் பேசவில்லை.

அவர் இடத்துக்கு வந்தவர் புளியந்தோப்பைச் சேர்ந்த ஓர் இளைஞர். கொஞ்சம் படித்தவர், மரியாதையாகப் பேசுகிறவர், பெட்டிகளின் மேல் இருக்கும் இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர். அது கம்பெனிக்குப் பிடித்திருந்தது. பின்னால் அவரை நான் பார்த்தேன். கெட்டவர் என்று சொல்ல என்னால் முடியாது. அதுதான் இதில் எனக்கு மிகவும் கஷ்டமான இடம். இதில் கெட்டவர் என்று கைகாட்ட ஒருவரும் இல்லை.

அடிபட்டவரும் புது ஆள்தான். கையை மணிக்கட்டுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அறுவை முடிந்து கண் விழித்தவர், என் முகத்தைப் பார்த்து, “அக்கா, கை சில்லுனு கீதுக்கா. கொஞ்சம் போத்தி வுடுங்க” என்றார். இல்லாத கை குளிர்வது பற்றிப் பாடத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். போர்வையை இழுத்து, ஒன்றும் இல்லாத இடத்தைப் போர்த்திவிட்டேன். “இப்ப சுகமா கீது” என்றார். அன்று வார்டில் நான் செய்த மற்ற வேலைகள் எதுவும் எனக்கு நினைவில்லை.

இதற்கிடையில் கம்பெனியில் பேச்சு ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. விஞ்சுக்காரர் சைகை இல்லாமல் பெட்டியைத் தூக்கிவிட்டார், அவர்மேல் வழக்கு வரும், வேலையும் போகும். புது இளைஞர் பைபிள்மேல் கை வைத்துச் சொல்லத் தயார் என்றார்: நான் தூக்கச் சொல்லவே இல்லை, கையையே அசைக்கவில்லை. மாமா வேறு மாதிரி சொன்னார். தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்துகொள்வார். சித்தப்பா கேட்பார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே பதிலைச் சொல்வார்.

“அந்த வார்த்தை வந்துச்சி. தூக்கினேன்.”

“நல்லா கேட்டுச்சா?”

“எனுக்கு கேக்காதா? நீ குடுத்தாலும் அதான், எவன் குடுத்தாலும் அதான். வந்துச்சி.”

“அப்ப அந்தப் பையன் பொய் சொல்றான்” என்று முடிப்பார் சித்தப்பா. மாமா தலையாட்டமாட்டார். அவருக்கு வழக்கைப் பற்றிய பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. ஒருவேளை அந்தச் சொல் வரவே இல்லையோ, தம் காது தானாகவே அதைக் கற்பித்துக்கொண்டதோ என்று. இரண்டு பேரில் ஒருவர் பொய்யர் என்பதாகத்தான் எங்கள் வீட்டிலும் பேச்சு போனது.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமாவையும் சித்தி வற்புறுத்தி உட்கார வைத்திருந்தாள். அடிபட்டவர் எப்படி இருக்கிறார் என்று அம்மா கேட்டாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, பேசுகிறார் என்றேன். அவர் என்னிடம் சொன்னதையும், பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

“கயிறு இன்னும் முழுசா மாட்டலையாம். பெட்டிய எந்தப் பக்கம் திருப்பி வைக்கணும்னு தெரியறதுக்காக, இது எங்க போவுதுன்னு மேல கேட்டிருக்கார். கம்பெனியோட சொந்தப் பெட்டியாம் அது, இரும்புப் பெட்டி. மேல இருந்தவர் எழுத்தைப் படிச்சிட்டு, ஆபீஸ்னு—”

“ஏய், அந்தப் பேச்சு…” என்று சித்தி தொடங்கினாள்.

சித்தப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. மாமாவைப் பார்த்தார். மாமா அவரைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் ஒன்று நடந்தது. அதை என்னால் விவரிக்க முடியவில்லை. வார்டில் சில நேரம் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொல்வதற்கு முன்பே புரிந்துகொண்டவர்களின் முகம்.

“திருப்பிச் சொல்லாத” என்றார் சித்தப்பா. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “இப்ப நீ சொன்னியே, அதான் நர்ஸம்மா. அதான் தூக்கற வார்த்தை.”

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. இங்கிலீஷ் இல்லை, தமிழும் இல்லை. பழங்காலத்துக் கப்பல்களில் கலாசிகள் என்ற மாலுமிகள் பேசிய ஏதோ ஒரு மொழியின் மிச்சம். வேறு துறைமுகங்களில் வேறு மாதிரி ஒலிக்குமாம். எங்கள் துறைமுகத்து வாயில் உருண்டு உருண்டு அது ‘ஆபீஸ்’ என்று ஆகியிருந்தது. தூக்கு என்று பொருள். இறக்குவதற்கு வேறொரு சொல். கப்பலில் வேலை செய்கிற பழைய ஆட்கள் அந்த இரண்டு சொற்களையும் வேறு எதற்காகவும் வாயில் எடுப்பதில்லை. அலுவலகம் என்று ஒன்று வந்து, அதற்கு அதே ஒலியில் பெயரும் வந்தபோது, அவர்கள் யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை. கச்சேரி என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைகளின் தலையில் குட்டி அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார்கள். வீட்டில் வாய் பழகினால் கப்பலிலும் வந்துவிடும் அல்லவா? நான் கூச்சப்பட்ட அந்தப் பழங்காலத்து வழக்கம், அத்தனை வருடங்களாக அத்தனை பேருடைய கைகளையும் தலைகளையும் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த சோறு ஆறிப்போனது.

புது இளைஞர் பொய் சொல்லவில்லை. மாமாவும் பொய் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்திலேயே பழைய ஆள் மாமா ஒருவர்தான். அந்தச் சொல் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் அது அலுவலகம்.

மறுநாள் கம்பெனியின் விசாரணை. சித்தப்பா என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடிபட்டவரின் வாயிலிருந்து நேராகக் கேட்டவள் நான், இங்கிலீஷும் தெரிந்தவள். நர்ஸ் உடையிலேயே வரச் சொன்னார். புறப்படும் முன் கொடியிலிருந்து துணியை எடுத்து, பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்து, மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். “மாப்பிள்ளை கெளம்பிட்டாரு” என்றாள் சித்தி. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். மாமாவைக் காப்பாற்றப் போகிறோம் என்பதில் அன்று காலை எங்கள் யாருக்கும் சந்தேகமே இல்லை.

அதே கப்பல்தான் இன்னும் நின்றது. நடந்ததை நடந்த இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று துரை வந்திருந்தார். ஹெட் கிளார்க், புது இளைஞர், இன்னும் சிலர் மேல்தளத்தில் நின்றார்கள். மாமாவை விஞ்சில் நிறுத்தி வைத்திருந்தார்கள், நீராவி போட்டிருந்தது, கொக்கியில் மாட்டிய அரிசி மூட்டைகள் தொங்காமல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. தாம் சொல்லும் வரை எதையும் தொடக் கூடாது என்று துரை மாமாவிடம் சொல்லியிருந்தார். கைப்பிடியின் மேல் கை வைத்துக்கொள்ளலாம், அசைக்கக் கூடாது. மாமா அசையாமல் நின்றார். அவர் கையைத் தொங்கவிட்டிருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. ஆனால் விஞ்சுக்கு முன்னால் நிற்கும்போது அவர் கை இருக்கும் இடம் அதுதான்.

என்னை ஏறவிட முதலில் தயங்கினார்கள். வெள்ளை உடை உதவியது. துரையிடம் அடிபட்டவர் சொன்னதை இங்கிலீஷில் சொன்னேன். கேள்வியையும் பதிலையும் சொன்னேன். பதில் என்ன சொல் என்பதை மட்டும், சித்தப்பா சொல்லி வைத்தபடி, ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். துரை தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹெட் கிளார்க்கைப் பார்த்தார்.

“இதில் என்ன இருக்கிறது? பெட்டி அங்கேதான் போக வேண்டியது” என்றார்.

“சார், அத்த வாயால சொல்லாதீங்க. அது தூக்கற வார்த்தை” என்றார் சித்தப்பா தமிழில்.

ஹெட் கிளார்க் மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்தபோதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துரைக்கும் வந்தது. தமக்குத் தெரிந்த தமிழில், வேடிக்கையாக, எல்லாரும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: “என்ன? ஆபீஸ்? ஆபீஸ்!”

நீராவி சீறியது. மூட்டைகள் தரையை விட்டு எழும்பின. ஹெட் கிளார்க்கின் தோளை உரசிக்கொண்டு மேலே போயின. அவர் தடுமாறிப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். யாரும் கையை அசைக்கவில்லை. எல்லாரும் மேலே பார்த்தார்கள். நான் மட்டும் மாமாவைப் பார்த்தேன். மாமா மேலே பார்க்கவில்லை. தம் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டில்மேல் கிடந்த அந்த ஆள் தமக்கு இல்லாத கையைப் பார்த்தது போல, இவர் தமக்கு இருந்த கையைப் பார்த்தார்.

சித்தப்பா விளிம்பில் ஒரு காலை வைத்தார். வெள்ளைத் துணி கட்டிய கையை மெதுவாகத் தாழ்த்தினார். “ஆரியா” என்றார். கத்தவில்லை, ஆனால் அந்த இரைச்சலில் அது தனியாகக் கேட்டது. மூட்டைகள் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போலத் தரையில் வந்து உட்கார்ந்தன. அதுதான் இறக்குவதற்கான சொல். வாழ்நாளில் முதல்முறையாக அதைக் கேட்டேன்.

“பாத்தீங்களா சார்? அவன் மேல தப்பு இல்ல. அந்தப் பையன் மேலயும் இல்ல. இன்னா சொல்லணும், இன்னா சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்சவன் இங்க நிக்கணும், அவ்ளோதான்” என்றார் சித்தப்பா. முகம் பூராவும் வெற்றி. புது இளைஞர் பலகைமேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். இறங்கி வரும்போது சித்தப்பா மாமாவின் முதுகில் தட்டினார். “வுடு மாமு. பேஜாரு முடிஞ்சிது.”

அடுத்த நாள் கம்பெனி வாசலில் ஹெட் கிளார்க் முடிவைச் சொன்னார். நானும் கூட இருந்தேன். விஞ்சுக்காரர் வேண்டுமென்று செய்யவில்லை என்று துரைக்குத் தெரிந்துவிட்டது, வழக்கு இல்லை. புது இளைஞருக்கு ஒரு விசில் கொடுக்கப்படும். இனிக் குரல் வேண்டாம். இவ்வளவையும் கேட்டுச் சித்தப்பா தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியாக, மாமாவுக்கு வேலை இல்லை என்றார் ஹெட் கிளார்க்.

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

“தொடாதேன்னு துரை நேரா சொல்லியும் கை போச்சேய்யா. எல்லாரும் பார்த்தோமே. என் தலை போயிருக்கும். அந்தக் கையை நம்பி நீராவியை எப்படி விடறது? நீதானேய்யா காட்டிக் கொடுத்தே?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். மாமாவைக் குற்றத்திலிருந்து மீட்ட அதே நொடி, அதே கை, அவரை வேலைக்கு ஆகாதவர் ஆக்கிவிட்டது. எத்தனையோ கப்பல்கள், அந்தக் கை கேட்டதால்தான், கேட்ட கணத்தில் யோசிக்காமல் அசைந்ததால்தான், ஒருவருக்கும் காயம் இல்லாமல் காலியாகிப் போயின. யோசித்து அசைகிற கை அடியறையில் இருப்பவரைக் கொன்றுவிடும். அந்தப் பழக்கத்தைக் குறை என்று பெயர் வைத்து எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பினோம். மாமா எங்களுக்கு முன்பே வந்து அதே சுவரோரம் உட்கார்ந்திருந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. சித்தப்பா அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். மணிக்கட்டுத் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, வீட்டுக்குள், எங்கள் எல்லார் காதிலும் விழும்படி, “ஆரியா” என்றார்.

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவின் கை மடியில் கிடந்தபடி ஒருமுறை அசைந்தது.

அதன் பிறகு வார்டில் என் கண் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கியது. எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்கிச் செல்லும் ஆட்கள் இருவர், கால் சேர்த்து நடக்கமாட்டார்கள். முன்னால் போகிறவர் வலது காலை வைத்தால் பின்னால் வருகிறவர் இடது காலை வைப்பார். அதனால்தான் தூக்குப்படுக்கை ஆடுவதில்லை. இது எந்தப் பாடப் புத்தகத்திலாவது இருக்கலாம், அவர்கள் படித்ததில்லை. ஒருவர் விடுப்பில் போய்ப் புது ஆள் வந்த அன்று, அறுவை முடிந்த ஒரு பெண்மணி படிக்கட்டு முழுக்க முனகிக்கொண்டே வந்தாள். இருவருமே பலசாலிகள். இருவருக்கும் கை கால் இருக்கிறது. ஆனால் வேலை எந்த ஒருவரிடமும் இல்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. ஒருவரை எடுத்துவிட்டால் மற்றவரிடம் மிஞ்சுவது, பதில் இல்லாத பாதிப் பேச்சு. சில நேரம் அது ஆபத்தான பாதி. கம்பெனி, வேலை தெரிந்தவர் என்று ஒருவரை வைத்துக்கொண்டு, தெரியாதவர் என்று மற்றவரை அனுப்பியபோது, உண்மையில் நடுவில் வெட்டியிருக்கிறது. இது எனக்கு இன்று தெளிவாகத் தெரிகிறது. தெரிந்தபோது வந்த திகைப்பு, தெளிவால் குறையவில்லை.

வருடங்கள் சில போய்விட்டன. இப்போதைய நிலையையும் எழுதி முடிக்கிறேன்.

கை இழந்தவர் ராயபுரம் ரயில் நிலையத்துக்கு வெளியே வேர்க்கடலை விற்கிறார். மழை வரும் முன் இல்லாத கை குளிர்கிறது என்கிறார். புளியந்தோப்பு இளைஞர் விசிலோடு சில நாட்கள் வேலை பார்த்துவிட்டு, தாமே விலகிவிட்டார். இப்போது எங்கே என்று தெரியவில்லை. துறைமுகத்தில் விசில்தான் ஒலிக்கிறது. பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிடவில்லை.

யானைக்கவுனியில், திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரி ஒருவரின் தானியக் கிடங்கில், மூட்டைகளை மாடிக்கு ஏற்றக் கப்பியும் கயிறும் உண்டு. சித்தப்பா மாடி விளிம்பில் ஒரு காலை வைத்து நிற்கிறார். மாமா கீழே நின்று கயிற்றை இழுக்கிறார். ஒருவர் முகம் ஒருவருக்கு நன்றாகவே தெரியும் தூரம்தான், பட்டப்பகல்தான். ஆனாலும் சித்தப்பா மணிக்கட்டில் வெள்ளைத் துணி கட்டிக்கொள்கிறார். வாய் திறப்பதில்லை, கை மட்டும்தான். முதலாளிக்கு அது ஒரு வேடிக்கை. கயிறு இழுக்க இத்தனை நாடகமா என்று என்னிடமே கேட்டுச் சிரித்தார். இருவருக்கும் அங்கே சாதாரணக் கூலி என்றுதான் பெயர்.

எங்கள் வீட்டில் இன்றும் கச்சேரி என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்கிறேன், ஆஸ்பத்திரியில் சிரிக்கிறார்கள். மாலையில் துணி தோய்க்கும் சத்தம் கேட்கிறது. பிறகு கொடியில் அது காய்கிறது. மாமா வந்தால் சித்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். வலது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, தம்ளரை அவர் இடது கையால்தான் வாங்குகிறார்.